தலையில் அடிபட்டவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு: புதிதாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று டாக்டர் சொல்லும்போது வரும் நிம்மதி பெரியது. மூளைக்காயத்தைப் பொறுத்தவரை நீண்ட வேலை அன்றுதான் தொடங்குகிறது, அதைச் செய்யப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். பைக் விபத்தில் அடிபட்ட என் தம்பியைப் பார்த்துக்கொண்டதில் தெரிந்தது, டாக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லிக்கொடுத்தது, வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். விபத்திலோ விழுந்தோ அடிபட்ட பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்கும் பல பகுதிகள் பயன்படும். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

தையல் பிரித்து, முடி வளர்ந்து, ஆள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பார்ப்பவர்கள் எல்லோரும் "அதான் சரியாயிடுச்சே" என்பார்கள். காலில் மாவுக்கட்டு போட்டவருக்கு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். மூளையில் அடிபட்டவருக்கு அப்படிக் காட்ட எதுவும் இல்லை. களைப்பு, மறதி, கோபம், எதையும் தொடங்காமல் உட்கார்ந்தே இருப்பது, இவை எல்லாம் காயத்தைச் சேர்ந்தவை. "குணமே மாறிப்போச்சு" என்று எடுத்துக்கொண்டால் தினமும் சண்டைதான் மிஞ்சும். காயம் என்று எடுத்துக்கொண்டால் வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கீழே வருவதில் பெரும்பகுதி அந்த மாற்றங்களைப் பற்றியது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்

முதலில் பேப்பர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்கள், ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் குறிப்பு, விபத்து கேஸ் என்றால் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்). எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். இனி நீங்கள் போகும் ஒவ்வொரு ஓ.பி.யிலும், வக்கீல் அலுவலகத்திலும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். 1974இல் கிளாஸ்கோ நகரத்தில் இரண்டு டாக்டர்கள் உருவாக்கிய அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். குறைந்தது 3, அதிகம் 15. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே கடுமையானது. "லேசான" என்ற சொல்லை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம், அந்த வகையிலும் சிலருக்குத் தலைவலியும் கவனக்குறைவும் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த எண்ணைவிட வீட்டாருக்குப் பயன்படும் தகவல் இன்னொன்று உண்டு: அடிபட்ட பிறகு எவ்வளவு காலம் குழப்பத்தில், அன்றன்று நடந்ததை நினைவில் வைக்க முடியாமல் இருந்தார் என்பது. அது நீள நீள, தேறுவதும் மெதுவாக இருக்கும். யாராவது ஒருவர் இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தால் டாக்டருக்கே உதவியாக இருக்கும்.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியவை: மூளையின் எந்தப் பகுதியில் அடி? வலிப்பு மாத்திரை எத்தனை நாளைக்கு? வாயால் சாப்பிடலாமா, யார் சோதித்தார்கள்? அடுத்த ஸ்கேன் எப்போது? ராத்திரியில் ஏதாவது ஆனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? ரவுண்ட்ஸில் டாக்டர் நிற்கும் இரண்டு நிமிடத்தில் எதுவும் ஞாபகம் வராது. எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம் பயிற்சி. மூக்கில் டியூப் இருந்தால் அதில் உணவு கொடுப்பது, கழுத்தில் துளை போட்டிருந்தால் சளி உறிஞ்சுவது, கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. இவற்றை நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது நீங்களே செய்து பாருங்கள். பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் வாரங்கள் வீட்டில்

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

- கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி
- எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், புதிதாக வந்த குழப்பம்
- ஒரு பக்கக் கை கால் புதிதாகத் தளர்வது, பேச்சு குழறுவது
- வலிப்பு
- மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலச் சொட்டுவது (சளி என்று நினைத்து மூக்கைச் சிந்த விடாதீர்கள்)
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தையல் போட்ட இடத்தில் சீழ்

வயதானவர்கள், மது குடிப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்து, மூன்று நான்கு வாரம் கழித்துக்கூடப் பிரச்சினை வரலாம். பாத்ரூமில் விழுந்து "ஒண்ணுமில்ல, லேசான அடிதான்" என்று சொன்ன தாத்தா ஒரு மாதம் கழித்து நடை தடுமாறினால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதேபோல, நன்றாகத் தேறி வந்தவர் சில மாதம் கழித்து நடை மெதுவாகி, சிறுநீர் அடக்க முடியாமல், மந்தமாகிக்கொண்டே போனால் மூளையில் நீர் சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் தினமும் பாருங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு வலி மாதக்கணக்கில் போகாது.

சாப்பாட்டில் நம் ஊரில் எல்லோரும் செய்வது, படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விடுவது. விழுங்கும் தசை சரியில்லாதவருக்குத் தண்ணீர்தான் ஆபத்து, வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியான கஞ்சி, நன்றாக மசித்த தயிர்சாதம் இவை பெரும்பாலும் எளிது. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குடித்த பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறினாலோ நிறுத்திவிட்டுப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். விழுங்குவதைச் சோதிப்பவரும் அவர்தான்.

மூளை வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்திருந்தால், அது பெரும்பாலும் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கும். அல்லது ஆஸ்பத்திரியில் குளிர்பதனத்தில் இருக்கும். திரும்ப வைக்கும் ஆபரேஷன் பல இடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கிறது. அதுவரை அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. நடக்கும்போது தலைக்கவசம் வேண்டும், வீட்டுக்குள்ளும்தான். அந்த இடம் குழிந்து உள்ளே போனாலும், உப்பினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பார்க்க வருபவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதுவதில்லை. வருகிற ஒவ்வொருவரும் கட்டில் பக்கத்தில் குனிந்து, "என்னடா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்?" என்று கேட்பார்கள். ஒரு நாளில் பத்துப் பேர் இந்தப் பரீட்சை வைத்தால் தேறுகிறவருக்கு அது வதை. பதில் தெரியாமல் முழிப்பதும், அதைப் பார்த்து வந்தவர் கண் கலங்குவதும் அதைவிட மோசம். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்க பேரை நீங்களே சொல்லிடுங்க சித்தப்பா, கேள்வி மட்டும் வேண்டாம்." சித்தப்பா உள்ளே போய் "செல்வா, சித்தப்பா வந்திருக்கேன்ப்பா" என்றால் போதும், பேச்சு தானாக வரும். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடம் போதும். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

களைப்பு

காயத்துக்குப் பிறகு மிக நீண்ட காலம் நீடிப்பது இதுதான், மிகக் குறைவாக நம்பப்படுவதும் இதுதான். "நாள் பூரா வீட்டுலதானே இருக்கான், என்ன களைப்பு?" என்று கேட்பார்கள். முன்பு தானாக நடந்த வேலைகளை இப்போது மூளை முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. சட்டைப் பொத்தான் போடுவது, இரண்டு பேர் பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பது, மிக்ஸி சத்தத்துக்கு நடுவே போனில் பதில் சொல்வது, எல்லாமே உழைப்பு. குளியல் ஒன்றே ஒரு பெரிய வேலை.

களைப்பு வந்த பிறகு ஓய்வு கொடுத்தால் தாமதம். வருவதற்கு முன்பே கொடுங்கள். ஒருவாரம் கவனித்தால் அறிகுறி பிடிபட்டுவிடும். என் தம்பிக்குப் பேச்சு குறையும், நெற்றியின் வலது பக்கத்தைத் தேய்க்க ஆரம்பிப்பான். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் கத்தல்தான். அதனால் நெற்றிக்குக் கை போனதும் டிவியை அணைத்துவிடுவோம்.

முக்கியமான வேலைகளை, பிசியோ, குளியல், பேங்க் எதுவானாலும், காலையில் வையுங்கள். இரண்டு பெரிய வேலைகளை ஒரே நாளில் வைக்காதீர்கள். மதியம் அரை மணி நேரம் இருட்டான அறையில் படுக்கட்டும். பகல் முழுக்கத் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும், அது கெட்டால் மறுநாள் எல்லாமே கெடும். போனில் ரீல்ஸ் பார்ப்பது ஓய்வில் சேராது. கல்யாணம் காதுகுத்து என்றால் முகூர்த்தத்துக்குப் போய்விட்டு ரிசப்ஷனைத் தவிர்த்துவிடலாம். மேளமும் ஸ்பீக்கரும் கூட்டமும் சேர்ந்த மண்டபத்தைவிட மோசமான இடம் இவர்களுக்கு இல்லை. போக வேண்டியே இருந்தால் காதில் பஞ்சு, வாசல் பக்கத்தில் நாற்காலி, திரும்பி வர வண்டி தயார்.

மறதியும் அடுப்படியும்

பள்ளிக்கூட வாத்தியார் பெயர் நினைவிருக்கும், காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. பழைய நினைவுகள் பெரும்பாலும் தங்கியிருக்கும், புதிதாக ஒன்றைப் பதிய வைப்பதில்தான் அடி. சிலர் நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். அது பொய் கிடையாது, இடைவெளியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு உண்மையை மெதுவாகச் சொன்னால் போதும்.

நினைவாற்றலை வளர்க்கப் புதிர் விளையாட்டுகளைத் தேடி எல்லோரும் ஓடுகிறார்கள். அதில் கெட்டிக்காரரானால் அந்தப் புதிரில் கெட்டிக்காரராவார், பெரும்பாலும் அவ்வளவுதான். நாள் ஓடுவதற்கு உதவுபவை வேறு: எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் இன்றைய தேதியும் வேலையும். போனில் அலாரம், "எழுந்திரு" என்று இல்லாமல் "11 மணி, மாத்திரை, நீல டப்பா" என்று பெயர் வைத்தது. காலை மதியம் இரவு என்று அறை பிரித்த ஏழு நாள் மாத்திரை டப்பா. சாவிக்கு ஒரு ஆணி, கண்ணாடிக்கு ஒரு தட்டு. சுத்தம் செய்கிறேன் என்று யாரும் இடம் மாற்றக் கூடாது.

டீ போடுவதை எடுத்துக்கொள்வோம். தம்பிக்கு டீ போடத் தெரியும், ஹாஸ்டலில் ரூம் முழுக்கப் போட்டுக் கொடுத்தவன். அடிபட்ட பிறகு பாலை அடுப்பில் வைப்பான், டீத்தூள் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்புவான், அங்கே கிடக்கும் பேப்பரில் தலைப்புச் செய்தியைப் படிப்பான், பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். ஒவ்வொரு படியும் தெரியும், கோர்வைதான் வராது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குபவர்) சொன்னபடி ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டினோம். முதல் வரி: "பால், டீத்தூள், சர்க்கரை, வடிகட்டி, டம்ளர் எல்லாம் தட்டில் எடுத்து வை." அது முடிந்த பிறகுதான் "அடுப்பைப் பற்ற வை." அதற்குக் கீழே சிவப்பில்: "கொதிக்கும்வரை நகராதே." கடைசி வரி: "அடுப்பை அணைத்தாயா? கையால் தொட்டுச் சரிபார்" (திருகியைத்தான், பக்கத்திலேயே படம் வரைந்திருந்தோம்). ஆரம்பத்தில் பின்னால் நின்று, அவன் தவறுவதற்கு முன்பே அட்டையில் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டுவோம். பிறகு அறை வாசலில் நின்றோம். பிறகு கூடத்தில்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "யோசிச்சுப் பாரு, என்ன அடுத்தது?" என்று கேட்பதுதான் நமக்குத் தெரிந்த சொல்லித்தரும் முறை. நினைவு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் தப்பாக ஊகித்தால், அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். அது தப்பு என்று நாம் சொன்னது மறந்துபோகும். அதனால் ஊகிக்க விடாமல் சரியான விடையை முதலிலேயே சொல்லி, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது நல்லது. மாத்திரை எடுப்பது, ஏ.டி.எம்., பஸ் ஏறுவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கேஸ் விஷயத்தில் தனி எச்சரிக்கை. தலையில் பலமாக அடிபட்டவர்களில் பலருக்கு வாசனை தெரியாமல் போகிறது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அடியில் அறுந்துவிடுகின்றன. அவர்களே அதைச் சொல்ல மாட்டார்கள், "சாப்பாடு ருசியா இல்ல" என்றுதான் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்லி பெருங்காய டப்பாவையும் காபித்தூளையும் முகரக் கொடுத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் கேஸ் கசிவதும் தெரியாது, ஊசிப்போன சாம்பாரும் தெரியாது. சிலிண்டர் ரெகுலேட்டரை ராத்திரி அணைப்பது வேறொருவர் பொறுப்பாக இருக்கட்டும். கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

கோபம், சும்மா இருப்பது, "எனக்கு ஒண்ணுமில்ல"

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் நமக்கு பிரேக்கும் ஸ்டார்ட்டரும். விபத்தில் அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. பிரேக் போனால் கோபம், வாய்க்கு வந்ததைப் பேசுவது, சில சமயம் பெண்களிடம் அத்துமீறிப் பேசுவது. ஸ்டார்ட்டர் போனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார்.

கோபத்தின் நடுவில் நியாயம் பேசாதீர்கள். ஒருவர் மட்டும், தணிந்த குரலில், சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். மற்றவர்கள் அறையை விட்டு வெளியே. தணியவில்லை என்றால் "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று நீங்களும் வெளியே வந்துவிடுங்கள், கதவுப் பக்கம் எப்போதும் உங்கள் பக்கமாக இருக்கட்டும். அடங்கிய பிறகு உடனே விசாரணை வேண்டாம், பத்து நிமிடத்தில் அவர் மறந்திருக்கலாம், உங்களுக்குத்தான் ராத்திரி முழுக்க மறக்காது. மறுநாள் காகிதத்தில் நேரம் போட்டு எழுதிப் பாருங்கள்: எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது? பசி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டுவது, வலி, சத்தம், ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி, இவற்றில் ஒன்று அடிக்கடி வரும். அதை நீக்கினால் பாதிக் கோபம் போகும். இன்னொன்று, வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசெட்டம் மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அந்த மாத்திரை தொடங்கிய பிறகு கோபம் ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

சும்மா உட்கார்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று திட்டிப் பலனில்லை. தொடங்கி வைக்க வேண்டியது நாம். "போய்ப் பல் விளக்கு" என்றால் நகர மாட்டார். பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் தானாக விளக்குவார். "என்ன சாப்பிடறே?" என்பதைவிட "இட்லியா தோசையா?" என்பது எளிது. வாய்க்கு வந்ததைப் பேசும்போது சிரிக்கவும் வேண்டாம், அதிரவும் வேண்டாம். "இப்படிப் பேசறது எனக்குப் பிடிக்கல" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, வண்டிச் சாவியைக் கொடு" என்பது வீம்பு போலத் தெரியும். தன் குறையைத் தானே அறியும் பகுதியே அடிபட்டிருக்கலாம். வாதாடி ஜெயிக்க முடியாது. சாவியைக் கண்ணில் படாமல் வைப்பதே வழி. வேறு விதத்தில், ஆபத்தில்லாத வேலையில் தானே முயன்று பார்க்க விடுங்கள். கடைக்குப் போய் நான்கு சாமான் வாங்கி வரட்டும். இரண்டுதான் வந்தது என்று அவரே பார்ப்பது, நாம் நூறு முறை சொல்வதைவிடப் பெரிது.

மாதங்கள் போகப் போக, தனக்கு என்ன ஆயிற்று என்று புரிய ஆரம்பிக்கும்போது சோகம் வருவது சகஜம். தேறிக்கொண்டு வருகிறவர் ஏன் அழுகிறார் என்று வீட்டார் குழம்புவார்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. சாகணும் என்று பேசினால் "சும்மா சொல்றான்" என்று விடாமல் அன்றே மனநல டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வலிப்பு வந்தால்

அடிபட்ட முதல் வாரத்தில் வரலாம், வருஷம் கழித்தும் வரலாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி, சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிக்க ஓடி வருபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். இரும்பால் எதுவும் நிற்காது, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், பேர் இரும்புக்குப் போய்விடுகிறது. வாயில் துணி, ஸ்பூன், தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு நூறு வார்த்தையைவிட அது உதவும். வலிப்பு வருபவர்கள் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க வேண்டும், கிணறு குளம் பக்கம் தனியாகப் போகக் கூடாது. மது கூடவே கூடாது. வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், முன்பு ஒரு குவார்ட்டருக்கு ஆடாதவர் இப்போது இரண்டு மடக்கிலேயே விழுவார்.

பயிற்சிக்கு எங்கே போவது

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். "ஒரு வருஷத்துக்குள் வராதது வராது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வேகம் குறையும், ஆனால் வருஷங்கள் கழித்தும் முன்னேறுபவர்கள் உண்டு.

பிசியோ மட்டும் போதாது. அன்றாட வேலைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஸ்பீச் தெரபி, நினைவு நடத்தை பிரச்சினைக்கு நரம்பியல் சார்ந்த மனநல உளவியலாளர். இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது மறுவாழ்வு மருத்துவத் துறையில்தான், நரம்பியல் ஓ.பி.யில் அதற்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கு பாகாயத்தில் தனி மறுவாழ்வு மையம் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

தெரபிஸ்ட் செய்யும் அரை மணி நேரத்தைவிட, மீதி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முக்கியம். சட்டையை அவரே போட அரை மணி ஆனாலும் விடுங்கள், அதுதான் பயிற்சி. மந்திரிப்பது, வேண்டுதல் உங்கள் மன நிம்மதிக்கு என்றால் செய்யுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டு மூளையைச் சரியாக்குகிறோம் என்று லட்சங்கள் கேட்பவர்களிடமிருந்து விலகுங்கள். மூளைக்காயத்துக்கு அது பலன் தரும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

பணமும் பேப்பரும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மண்டை ஓட்டைத் திரும்ப வைக்கும் ஆபரேஷனுக்கு முன் அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரி அலைச்சலில் அந்த ஆறு மாதம் பறந்துவிடும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மோதிய வண்டி தெரியவில்லை என்றால் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் அரசுத் திட்டம் தனியாக உண்டு. தானே விழுந்தவர் என்றாலும், சொந்த வண்டியை உரிமத்தோடு ஓட்டியவராக இருந்தால் வண்டி இன்சூரன்ஸில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, நிரந்தர ஊனத்துக்கு அது பொருந்துமா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். "சமாதானமா முடிச்சுக்கலாம்" என்று யாராவது காகிதம் நீட்டினால், தேறிக்கொண்டிருப்பவர் கையெழுத்தை வக்கீல் பார்க்காமல் போட விடாதீர்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மூளைக்காயம் அந்தப் பட்டியலில் தனிப் பெயராக இல்லை. கை கால் இயக்கம், பேச்சு, மனநலம் என்று எது பாதிக்கப்பட்டதோ அந்த வகையில் மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். நடக்கிறார் என்பதற்காகக் குறைவாகப் போட்டுவிடாமல் இருக்க, மறதி, நடத்தை பற்றிய உளவியல் சோதனை அறிக்கையை எடுத்துப் போங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) மாத உதவித்தொகைக்கும் ஒரே நேரத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு பணப் பிரச்சினையை வெளியே யாரும் பேசுவதில்லை. முடிவெடுக்கும் பகுதி அடிபட்டவர் கையில் போன் இருந்தால் லோன் ஆப், ஆன்லைன் ரம்மி, "ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆகும்" என்று மிரட்டும் திருடர்கள் எல்லோருக்கும் கதவு திறந்தே இருக்கும். ஒரு சின்னக் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு, யு.பி.ஐ.யை அதோடு மட்டும் இணைத்துக் கொடுங்கள். மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டால் மானப் பிரச்சினையாகும்.

பார்த்துக்கொள்பவர்

பெரும்பாலும் அம்மா, மனைவி அல்லது அக்கா. ராத்திரி முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் உடனே ஒரு வேலை கொடுங்கள்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் இவன்கூட இருங்க அத்தை." திட்டமாகக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். கணவர் குழந்தை போல் ஆகிவிட்டார், நான் யாருக்கு மனைவி என்று தோன்றுவது பல பெண்களுக்கு நடக்கிறது. அதை வெளியில் சொல்ல ஒரு ஆளாவது வேண்டும்.

வேலை, வண்டி

வேலைக்குத் திரும்புவதை முழு நாளில் தொடங்காதீர்கள். அரை நாள், வாரத்தில் மூன்று நாள், சத்தம் குறைந்த இடம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, எழுதித் தரும் கட்டளை, இப்படி நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அரசு வேலையில் இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் வேலையை விட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று மேற்சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். ராஜினாமா எழுதித் தரும் முன் இதைப் படித்துவிடுங்கள். தனியார் வேலையில் இந்த அளவு பாதுகாப்பு கிடையாது, அங்கே முதலாளியோடு பேசி முடிவு செய்வதுதான் வழி.

வண்டி ஓட்டுவது கடைசி. வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்று ஓட்டுநர் உரிமப் படிவத்திலேயே கேட்கிறார்கள். மறைத்து ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பார்வைப் புலம் (பக்கவாட்டிலும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் பரப்பு) முழுதாக இருக்கிறதா, கவனம் திரும்பிவிட்டதா, வலிப்பு இல்லாமல் எவ்வளவு காலம் ஆயிற்று என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, முதலில் காலி மைதானத்தில், பக்கத்தில் ஒருவரோடு. பின்னால் உட்கார்ந்து போவதானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட், வாருக் கொக்கி மாட்டியபடி. விபத்தில் அடி வாங்கிய பழைய ஹெல்மெட்டை வீட்டில் வைத்திருந்தால் யாரும் எடுத்துப் போடாதபடி வெட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், இன்னொரு அடியைத் தாங்காது. வழக்குக்கு அது சாட்சியாகத் தேவைப்படுமா என்று மட்டும் வக்கீலிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.